மீட்கப்பட்ட நாய்க்குத் தற்காலிக வீடு: முதன்முறை பொறுப்பேற்போருக்கு ஒரு வழிகாட்டி

தெருவில் அடிபட்டுக் கிடந்த நாய், வளர்த்தவர்களே கைவிட்ட நாய், நெரிசலான காப்பகத்தில் இடமில்லாமல் தவிக்கும் நாய் ஆகியவற்றை நிலையான குடும்பம் கிடைக்கும்வரை ஒருவர் தம் வீட்டில் வைத்துப் பராமரிப்பதைத் தற்காலிக வளர்ப்பு என்கிறோம். பெரும்பாலும் நாயின் சட்டப்படியான பொறுப்பு மீட்பு அமைப்பிடம் இருக்கும்; சோறு தண்ணீர் வைப்பது, மருந்து கொடுப்பது, பழக்குவது என்று அன்றாடம் செய்யவேண்டியவை எல்லாம் உங்கள் கையில் இருக்கும். இதற்கு இரக்கம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் இரக்கத்தோடு வருகிறவர்கள் பலர் முதல் வாரத்திலேயே திணறிப்போகிறார்கள், ஏனென்றால் எதை எந்த வரிசையில் செய்வது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருப்பதில்லை. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். காப்பகக் கூண்டுக்குள் நிற்கும் நாயைப் பார்த்து அதன் குணத்தை முழுதாக அறிந்துகொள்ள முடியாது. ஓயாத இரைச்சலும் புதிய மனிதர்களின் நடமாட்டமும் சூழ்ந்த இடத்தில் அது காட்டுவது பெரும்பாலும் பயத்தை மட்டுமே. அமெரிக்காவில் ஐந்து காப்பகங்களில் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஓர் ஆய்வில், காப்பக நாய்களை ஓரிரு இரவுகள் வீடுகளில் தங்கவைத்து, மன அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனின் அளவைச் சோதித்தார்கள். வீட்டில் இருந்தபோது அந்த அளவு குறைந்தது, நாய்கள் நிம்மதியாக அதிக நேரம் ஓய்வெடுத்தன. காப்பகத்துக்குத் திரும்பியதும் அளவு பழைய நிலைக்கே வந்துவிட்டது. அந்த நிம்மதியில்தான் நாயின் உண்மையான இயல்பு தலைகாட்டத் தொடங்குகிறது. அதைக் கவனித்து அறிந்து, அடுத்த குடும்பத்துக்கு உள்ளது உள்ளபடி எடுத்துச் சொல்வதே தற்காலிக வளர்ப்பாளரின் தலையாய வேலை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒப்புக்கொள்வதற்கு முன்

மீட்பு அமைப்பிடம் முதலில் சில கேள்விகளை வெளிப்படையாகக் கேளுங்கள். மருத்துவச் செலவை யார் ஏற்பார்கள்? நள்ளிரவில் நாய்க்கு உடல்நலம் கெட்டால் யாரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும்? எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டியிருக்கும், இடையில் உங்களால் முடியாமல் போனால் எத்தனை நாளில் வேறு இடம் பார்ப்பார்கள்? இந்த நாய் யாரையாவது கடித்திருக்கிறதா, எந்தச் சூழ்நிலையில் கடித்தது? பதில்களை எழுத்தில் வாங்கிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது. கேள்வி கேட்டால் முகம் சுளிக்கும் அமைப்போடு சேர்ந்து வேலை செய்வது பின்னால் கடினமாக இருக்கும்.

அடுத்து உங்கள் வீட்டைப் பாருங்கள். வீட்டில் உள்ள எல்லோரும் மனமார ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். ஒருவர் மட்டும் விரும்பி மற்றவர்கள் சகித்துக்கொள்ளும் வீட்டில் நாயும் நிம்மதியாக இருக்காது. வாடகை வீடென்றால் உரிமையாளரின் அனுமதி வேண்டும். ஏற்கெனவே நாயோ பூனையோ இருந்தால் அவற்றின் தடுப்பூசிகள் தவணை தவறாமல் போடப்பட்டிருக்க வேண்டும்.

முதன்முறையாக ஏற்பவர்கள் நோயில்லாத, வளர்ந்த நாய் ஒன்றைக் கேட்டு வாங்குவதே நல்லது என்பது என் கருத்து. குட்டிகளைக் கண்டால் மனம் இளகும். ஆனால் அவற்றுக்கு ஒரு நாளில் பல முறை உணவு வேண்டும், சிறுநீரை அடக்கும் திறன் இருக்காது, தொற்றுநோய் வந்தால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்தாகிவிடும். பாலூட்டும் தாய், அறுவை சிகிச்சையிலிருந்து தேறிவரும் நாய், இதயப்புழு நோய்க்குச் சிகிச்சை பெற்று ஓட்டமும் துள்ளலும் தடைசெய்யப்பட்ட நாய் ஆகியவற்றை அனுபவம் வந்தபின் ஏற்கலாம். உங்களால் முடியாததை முடியாது என்று முதலிலேயே சொல்வது அந்த நாய்க்குச் செய்யும் நன்மைதான், பாதியில் இடம் மாறும்போது அது மறுபடியும் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

வீட்டை ஆயத்தப்படுத்துதல்

நாய்க்கென ஓர் அறையையோ, தடுப்பு வைத்துப் பிரித்த ஒரு மூலையையோ ஒதுக்குங்கள். அங்கே தரையில் உட்கார்ந்து, நாயின் கண்மட்டத்திலிருந்து சுற்றிலும் பாருங்கள். தொங்கும் மின்கம்பிகள், கீழ்த்தட்டில் இருக்கும் மாத்திரைகள், மூடியில்லாத குப்பைக்கூடை, எப்போதோ வைத்து மறந்துபோன எலிமருந்து எல்லாம் அப்போதுதான் தென்படும். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு ஆகியவை நாய்களுக்கு நஞ்சு. சர்க்கரையில்லா சூயிங்கம்மில் சேர்க்கப்படும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி மிகச் சிறிய அளவிலேயே ரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். மனிதர்கள் காய்ச்சலுக்கும் வலிக்கும் போட்டுக்கொள்ளும் பாரசிட்டமால், இபுபுரூஃபன் மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் நாய்க்கு ஒருபோதும் கொடுக்காதீர்கள். வெந்த எலும்பு சிம்புகளாக உடைந்து குடலைக் கிழிக்கக்கூடும்.

தப்பி ஓடுவது பெரும்பாலும் முதல் சில நாள்களில்தான் நிகழ்கிறது. உங்கள் வீடு தன் வீடு என்று இன்னும் அறியாத நாய், கதவு திறந்த அடுத்த நொடியில் வெளியே பாய்ந்துவிடும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பி வராது, அந்தப் பெயரே அதற்குப் புதிதாக இருக்கலாம். ஆகவே வெளியே அழைத்துச் செல்லும்போது கழுத்துப்பட்டை, மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸ் இரண்டையும் அணிவித்து, இரண்டிலும் கயிற்றைப் பிணையுங்கள். பயந்த நாய் பின்னோக்கி இழுத்துக் கழுத்துப்பட்டையிலிருந்து தலையை உருவிக்கொள்வது மிகச் சாதாரணமாக நடக்கும். உங்கள் தொலைபேசி எண் பொறித்த அட்டையை நாய் வீட்டுக்கு வருவதற்கு முன்பே வாங்கி வைத்திருங்கள். வாசலில் ஒரு கதவுக்கு உள்ளே இன்னொரு தடுப்பு இருந்தால் பாதிக் கவலை தீரும்.

கூண்டு பயன்படுத்துவதாக இருந்தால், நாய் எழுந்து நின்று, திரும்பி, காலை நீட்டிப் படுக்கும் அளவுக்கு அது பெரிதாக இருக்க வேண்டும். மேலே ஒரு துணியைப் போர்த்தி, கதவைத் திறந்தே வைத்து, உள்ளே தீனியைப் போட்டுப் பழக்குங்கள். தண்டனையாக அதற்குள் அடைத்தால், பதுங்குவதற்கான ஒரே இடத்தையும் அந்த நாய் இழந்துவிடும்.

வீட்டில் வேறு நாய் இருந்தால் புதிதாக வந்ததை 14 நாள் தனியே வையுங்கள். குடலைத் தாக்கிக் கடும் வாந்தியும் ரத்தப்பேதியும் உண்டாக்கும் பார்வோ வைரஸ் உடலில் நுழைந்து அறிகுறி தெரிவதற்குப் பெரும்பாலும் 3 முதல் 7 நாள் ஆகும், டிஸ்டெம்பர் என்ற இன்னொரு வைரஸ் நோய்க்கு ஓரிரு வாரங்கள்கூட ஆகலாம். வரும்போது துள்ளி விளையாடும் நாயும் நோயைச் சுமந்திருக்கலாம். 1978இல் கண்டறியப்பட்டு உலகெங்கும் பரவிய பார்வோ, மண்ணில் பல மாதங்கள் உயிர்ப்போடு இருக்கக்கூடியது. சோப்பும் பினாயிலும் அதைக் கொல்வதில்லை. அழுக்கை முதலில் நன்றாகக் கழுவிவிட்டு, வீட்டு உபயோக பிளீச்சை ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து தரையில் ஊற்றி, பத்து நிமிடம் ஈரமாகவே விட்டு அலச வேண்டும்.

முதல் சில நாள்கள்

நாய் வந்ததும் அதைச் சிறுநீர் கழிக்க வேண்டிய இடத்துக்கு முதலில் அழைத்துச் சென்று, பிறகு வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். அன்றைக்குக் குளிப்பாட்ட வேண்டாம், உறவினர்களையும் நண்பர்களையும் பார்க்க அழைக்க வேண்டாம், கட்டியணைக்கவும் வேண்டாம். அது மூலையில் போய் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கலாம். வெயில் இல்லாதபோதும் மூச்சிரைக்கலாம். வைத்த உணவை மோந்துகூடப் பார்க்காமல் இருந்துவிட்டு, விளக்கெல்லாம் அணைந்து வீடு அடங்கிய பிறகு, நீங்கள் தூங்கிவிட்டதாக எண்ணிக்கொண்டு, சத்தமில்லாமல் வந்து தண்ணீரை நக்கிக் குடிக்கலாம். அந்த நேரத்தில் எழுந்து போய்த் தடவிக்கொடுக்கத் தோன்றும். படுத்தபடியே இருங்கள். யாரும் தொந்தரவு செய்யாமல் குடிக்க முடிந்தது என்பதை அது மனத்தில் குறித்துக்கொள்ளும்.

பகலில் அறையின் மறுபக்கத்தில், அதற்குப் பக்கவாட்டாகத் திரும்பித் தரையில் உட்கார்ந்து, புத்தகம் படிப்பதுபோல் உங்கள் வேலையைப் பாருங்கள். நேருக்கு நேராகக் கண்ணைப் பார்ப்பதையும், மேலிருந்து தலையைத் தொடுவதையும் பல நாய்கள் மிரட்டலாக எடுத்துக்கொள்கின்றன. அதுவே அருகில் வந்து மோந்தால் கையை அசைக்காமல் வைத்திருந்து, பிறகு மார்புப் பக்கம் மெல்லத் தடவலாம்.

உணவில் அவசரம் கூடாது. எலும்பும் தோலுமாக வந்த நாய்க்கு வயிறு நிறையப் போடுவது இயல்பான ஆசை, ஆனால் நீண்ட பட்டினிக்குப் பின் திடீரென நிறைய உண்டால் ரத்தத்தில் பாஸ்பரஸ் போன்ற தாதுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்து வரலாம். அப்படிப்பட்ட நாய்க்கு மருத்துவர் சொல்லும் அளவில், சிறிது சிறிதாகப் பல வேளைகளில் கொடுக்க வேண்டும். நல்ல உடல்நிலையில் உள்ள நாய்க்கும் பழைய உணவிலிருந்து புதியதற்கு 7 முதல் 10 நாள்களில் படிப்படியாக மாற்றினால் வயிற்றுப்போக்கைத் தவிர்க்கலாம்.

மீட்புப் பணியில் இருப்பவர்கள் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: அதிர்ச்சி தணிய மூன்று நாள், வீட்டு ஒழுங்கு பிடிபட மூன்று வாரம், முழு நம்பிக்கை வர மூன்று மாதம். இது தோராயமான கணக்கு, எல்லா நாய்களுக்கும் பொருந்தாது. ஆனாலும் முதல் வாரத்தில் பார்த்ததை வைத்து எந்த நாயைப் பற்றியும் முடிவுக்கு வராமலிருக்க இது உதவும். சாதுவாக ஒடுங்கிக் கிடந்த நாய் மூன்றாம் வாரத்தில் வாசலைப் பார்த்துக் குரைக்கத் தொடங்கினால் அது கெட்டுப்போகவில்லை, அச்சம் விலகி வாய் திறந்திருக்கிறது.

மருத்துவரிடம்

முதல் சில நாள்களுக்குள் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். உரிமையாளரை அடையாளம் காணத் தோலுக்கடியில் பொருத்தும் மைக்ரோசிப் இருக்கிறதா என்று ஸ்கேனர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தொலைந்துபோன நாயைத் தேடி ஒரு குடும்பம் எங்கோ அலைந்துகொண்டிருக்கலாம். குடற்புழு, உண்ணி, தெள்ளு ஆகியவற்றுக்கான மருந்துகளை எடைக்கேற்ப மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். குட்டிகளுக்கு 6 முதல் 8 வாரத்தில் தடுப்பூசி தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை 2 முதல் 4 வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போடுவார்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் குட்டியின் உடலில் இருக்கும்வரை தடுப்பூசியின் பலனை அது முடக்கிவிடும் என்பதும், அது எப்போது தேய்ந்து தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறுபடும் என்பதும்தான் அதற்குக் காரணம். ஆகவே ஒரு தவணை போட்டாயிற்று என்று குட்டியைப் பொது இடத்தில் தரையில் விடாதீர்கள்.

நாய் நலமாக இருக்கும்போதே அதன் ஈறைப் பார்த்துப் பழகுங்கள். நிறமி இல்லாத இடத்தில் ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மீண்டும் சிவக்கும். உடல் வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது இயல்பு, மனிதர்களைவிடச் சற்றுக் கூடுதல் என்பதால் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவு கட்ட முடியாது. ஈறு வெளுத்தாலோ நீலம் பாய்ந்தாலோ, குட்டி தொடர்ந்து வாந்தியெடுத்து ரத்தம் கலந்து பேதியானாலோ, வயிறு உப்பி வாந்தி வராமல் ஓங்கரித்துக்கொண்டே இருந்தாலோ, வலிப்பு வந்தாலோ, சிறுநீர் கழிக்க முயன்று முடியாமல் தவித்தாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

உங்கள் பாதுகாப்பும் இதில் அடக்கம். ஒருவகைச் சொறி, படர்தாமரை, சில குடற்புழுக்கள், எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ் ஆகியவை நாயிடமிருந்து மனிதருக்குத் தொற்றும். மலம், சிறுநீர் அள்ளும்போது கையுறை அணிந்து, பின்னர் கையைக் கழுவுங்கள். நாய் கடித்தாலோ தோல் கிழியும்படி பிராண்டினாலோ, உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். ரேபிஸ் அறிகுறி தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது ஏறத்தாழ இயலாது. அறிகுறி தோன்றுமுன் போடும் ஊசி காப்பாற்றும். தொடர்ந்து மீட்பு நாய்களை ஏற்க நினைப்பவர்கள் முன்கூட்டியே ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்வதைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

நாயின் மொழியைப் படித்தல்

பழக்குவதைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். கவனிப்பதைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு, நானோ அதைத்தான் முதலில் சொல்வேன். நாய் உறுமுவதற்கு முன்பே பலமுறை பேசியிருக்கும். பசியில்லாதபோது உதட்டை நக்குவது, தூக்கம் வராதபோது கொட்டாவி விடுவது, தலையை ஒருபக்கம் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, திடீரென உடல் விறைத்து அசைவற்று நிற்பது எல்லாம் எனக்கு இது பிடிக்கவில்லை என்று சொல்லும் முறைகள். வாலை ஆட்டினாலே மகிழ்ச்சி என்று நினைப்பது தவறு. உடலும் சேர்ந்து தளர்வாக அசைகிறதா என்று பாருங்கள். உறுமலுக்காக நாயை அடிப்பதோ அதட்டுவதோ கூடவே கூடாது. உறுமினால் அடி விழும் என்று கற்றுக்கொண்ட நாய் அடுத்தமுறை உறுமாமலே கடிக்கும், அப்படிப்பட்ட நாய்க்கு எந்தக் குடும்பமும் கிடைக்காது.

என் பராமரிப்பில் இருந்த ஒரு பெண் நாய், துடைப்பத்தை யாராவது கையில் எடுத்தாலே தரையோடு தரையாக ஒட்டிப் படுத்துச் சிறுநீர் கழித்துவிடும். துடைப்பம் அதன் கண்ணில் படும்படி சுவரோரம் கிடத்திவைத்து, அதைச் சுற்றித் தீனியைப் போட்டு வந்தோம். முதலில் தொலைவில் விழுந்த துண்டுகளை மட்டும் கழுத்தை நீட்டிப் பொறுக்கியது. பின்கால்கள் ஓடத் தயாராகப் பின்னாலேயே ஊன்றியிருக்கும். வாரங்கள் போகப் போகத் துடைப்பத்தின் மேலேயே வைத்த துண்டை எடுத்தது. ஆனால் அதைக் கையில் தூக்கினால் கடைசிவரை வேறு அறைக்குப் போய்விடும். பயம் தீர்ந்துவிட்டது என்று அதன் அறிமுகக் குறிப்பில் நாங்கள் எழுதவில்லை. துடைப்பத்தைத் தூக்குமுன் இவளுக்கு வெளியேற வழிவிடுங்கள் என்று எழுதினோம். தத்தெடுத்த குடும்பத்துக்குத் தேவையான செய்தி அதுதான்.

வீட்டுக்குள் அசுத்தம் செய்யாமல் பழக்குவது நேரக் கணக்குதான். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும், குட்டியென்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது வெளியே அழைத்துப்போய், கழித்த அந்த நொடியிலேயே தீனி கொடுங்கள். உள்ளே கழித்துவிட்டால் வாசனை நீங்கத் துடைத்துவிட்டு விடுங்கள். மூக்கைத் தேய்க்கும் பழைய வழக்கம் உங்களைக் கண்டு ஒளிந்து கழிக்க மட்டுமே கற்றுத்தரும்.

தனியே இருக்கப் பழக்குவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பாவம் என்று நாள் முழுதும் மடியில் வைத்திருந்தால், அடுத்த வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போன முதல் நாளே அது கதவைப் பிராண்டி ஊளையிடும், நாய் திரும்பி வந்துவிடும். முதல் வாரம் தாண்டியதும் ஒரு நிமிடம் வெளியே போய்த் திரும்புவதில் தொடங்கி, அது பதறாத அளவுக்கு நேரத்தை நீட்டுங்கள். நாய் ஒன்றைக் கவ்விக்கொண்டு தர மறுத்தால் பிடுங்காதீர்கள், அதைவிடச் சுவையான ஒன்றைக் காட்டிப் பண்டமாற்றாக வாங்குங்கள்.

குட்டிகளுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் ஆகியோர் அமெரிக்காவின் பார் ஹார்பரில் நடத்திய நீண்ட ஆய்வுகள், ஏறத்தாழ 3 முதல் 12 வாரம் வரையான பருவத்தில் மனிதரோடு பழகாத குட்டி பிற்காலத்தில் மனிதரை நம்பத் திணறும் என்பதைக் காட்டின. ஆகவே தடுப்பூசி முடியாத குட்டியையும் கையில் தூக்கிக்கொண்டு வெவ்வேறு வயதினரையும் ஓசைகளையும் காட்டுங்கள்.

குறிப்பேடும் தத்துக் கொடுத்தலும்

முதல் நாளிலிருந்தே ஒரு குறிப்பேடு வையுங்கள். எதைச் சாப்பிட்டது, எப்படிக் கழித்தது, எதைக் கண்டு ஒதுங்கியது, எந்த மனிதரிடம் தானாகப் போனது என்று இரண்டு மூன்று வரிகள் போதும். அதிலிருந்து எழுதும் அறிமுகம்தான் பொருத்தமான குடும்பத்தை அழைத்துவரும். அன்பான நாய், எல்லோரிடமும் பழகும் என்று மட்டும் எழுதினால் யாருக்கும் ஒன்றும் தெரிவதில்லை. அந்நியர் வந்தால் பத்து நிமிடம் குரைத்துவிட்டுப் பிறகு காலடியில் வந்து படுக்கும், பூனையைக் கண்டால் துரத்தும், கார் பயணத்தில் வாந்தியெடுக்கும் என்று எழுதினால், பூனை வளர்ப்பவர் விலகிக்கொள்வார், மற்றவர் ஆயத்தமாக வருவார். குறைகளை மறைத்துக் கொடுத்த நாய் பெரும்பாலும் திரும்பித்தான் வருகிறது. படம் எடுக்கும்போது சன்னல் வெளிச்சத்தில், நாயின் கண்மட்டத்துக்குத் தாழ்ந்து எடுங்கள்.

தத்தெடுக்க வருபவர்களைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் அமைப்பிடம் இருந்தாலும், உங்கள் சொல்லுக்கு எடை உண்டு. அவர்கள் வந்திருக்கும்போது நாயைப் பிடித்துக்கொண்டு காட்டாமல், அது தானாகப் போகிறதா என்று பாருங்கள். வீட்டில் எல்லோரும் வந்திருக்கிறார்களா, நாய் எத்தனை மணி நேரம் தனியே இருக்கும், நோய் வந்தால் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். இந்த நாயை நாமே வைத்துக்கொள்ளலாமா என்ற எண்ணம் இந்தக் கட்டத்தில் அநேகமாக எல்லோருக்கும் வரும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, வைத்துக்கொள்வதும் நல்ல முடிவாக இருக்கலாம். ஆனால் அதன் வாழ்நாள் முழுதும் உங்களால் முடியுமா என்பதையும், அதன் பிறகு இன்னொரு மீட்பு நாய்க்கு வீட்டில் இடம் இருக்குமா என்பதையும் எண்ணிப் பார்த்து, விண்ணப்பங்கள் வரத்தொடங்குவதற்கு முன்பே அமைப்பிடம் சொல்லிவிடுங்கள்.

அனுப்பும் நாளில் ஒரு வாரத்துக்கான பழகிய உணவு, துவைக்காத படுக்கைத் துணி, மருத்துவ ஏடு, அன்றாட நேர அட்டவணை ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுங்கள். புதிய குடும்பத்தாரிடம் தப்பி ஓடும் ஆபத்தைப் பற்றியும் இரட்டைப் பிணைப்பைப் பற்றியும் வாய்விட்டுச் சொல்லி, அவர்களையே ஒருமுறை ஹார்னஸை மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். முதல் இரண்டு வாரம் எந்த நேரத்திலும் சந்தேகம் கேட்கலாம் என்று சொல்லிவையுங்கள், ஆனால் நீங்களாகப் போய்ப் பார்ப்பதைச் சில வாரங்கள் தள்ளிப்போடுங்கள்.

நாய் போன பிறகு வீடு வெறிச்சென்று இருக்கும், அழுகை வந்தால் அழுதுவிடலாம். கிண்ணங்களையும் கூண்டையும் கழுவிக் காயவைத்து, தேய்ந்துபோன கயிற்றையும் கொக்கியையும் மாற்றுங்கள். பார்வோ வந்த நாய் தங்கியிருந்த வீடென்றால், தடுப்பூசித் தவணைகள் முடியாத குட்டியை அடுத்து ஏற்காதீர்கள். முழுத் தவணையும் போட்ட வளர்ந்த நாயை அனுப்பச் சொல்லுங்கள், அதற்கான காரணத்தையும் அமைப்பிடம் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.